பக்கத்து வீட்டில் ஒரு பேட்டரி

போன வாரம் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, ‘உலகை மாற்றிய கொலைகள்’. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தலைப்பா இது? ஆனால் நன்றாகவே பேசினார்கள். ஆஸ்திரிய இளவரசரை ஒருவன் சுட்டதும் உலகப் போர் மூண்டது என்றாள் ஒருத்தி. பக்கத்து மணியாச்சி ஸ்டேஷனில் வெள்ளைக்கார கலெக்டர் சுடப்பட்டதைச் சொன்னாள் இன்னொருத்தி.

மார்க் போட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறொரு கொலை ஞாபகம் வந்தது.

1991 மே. முன்னாள் பிரதமர் ஸ்ரீபெரும்புதூரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட சமயம். அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கிளார்க். பக்கத்து வீட்டில் செல்லையா, நூல் மில் தொழிலாளி. மனைவி பாக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஆறு வருஷப் பழக்கம். என் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது ஓடிப் போய் ஆட்டோ பிடித்து வந்தவர் செல்லையாதான்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு அவர் என்ன பேசினாலும் என் காதில் ‘சிலோன்’ மட்டும்தான் விழுந்தது.

பெல்ட் வெடிகுண்டு, பேட்டரி, ஒயர்... எல்லாவற்றையும் பேப்பரில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லையா வீட்டுக்குள் தரையில் பேட்டரியும் ஒயர் துண்டுகளும் கிடந்ததைப் பார்த்தேன். எதிரே பையோடு ஒரு புது ஆள். நான் பார்த்ததும் கதவு சாத்திக்கொண்டது. காற்று சாத்தியதா, அவர் சாத்தினாரா?

வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். “எதுக்கும் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க. நாளைக்கு நம்ம தலையில வந்து விடியப்போவுது” என்றார்.

சொன்னேன்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. அது போன கையோடு பாக்கியம் என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, மில்லுக்குக் கிளம்புன மனுசனை ஏத்திட்டுப் போறாங்க. நீங்க படிச்சவங்க. நல்ல ஆளுன்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா விட்டுருவாங்க.”

எப்படி மறுப்பது? போனேன். சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“தகவல் சொன்னதும் நீங்க, நல்லவர்னு சொல்ல வந்ததும் நீங்களா சார்?”

பாக்கியம் என் பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை.

“தப்பா நெனச்சிட்டேன் சார்” என்றேன்.

“அதை நாங்கல்லா சொல்லணும்.”

மூன்றாம் நாள் விட்டார்கள். பையோடு வந்தவர் கூட வேலை பார்க்கிறவராம். அவருடைய ரிப்பேரான டிரான்சிஸ்டரைத்தான் செல்லையா பிரித்துப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். செல்லையாவின் வலது காதில் பஞ்சு வைத்திருந்தது. நான் சொன்னதை இடது காதைத் திருப்பிக் கேட்டார்.

“அங்க இருந்தப்ப எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரன். அது பழகிருச்சு சார். நீங்க கதவைத் தட்டி, இது என்ன பேட்டரின்னு கேட்டிருக்கலாம்.”

அதுவரை என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு, குளத்தூர்ப் பக்கம் உப்பள வேலைக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் என் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

பெரிய கொலைகள் தேசங்களை என்ன செய்கின்றன என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்லும். ஆட்டோ பிடித்துக் கொடுத்தவனையே காட்டிக்கொடுக்கிற ஆளாக ஒரு கிளார்க்கை அவை மாற்றுவதை எந்தப் புத்தகம் சொல்லும்?

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் வீடுகளில் ரேடியோச் சத்தம் குறையும். நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் என்னைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

எங்கள் தெருவில் சந்தேகம் தீரவே இல்லை... ஆள்தான் மாறினான்.