மூன்றாம் ஷை வரை

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிப்பது ஒரு தொழில். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. மூன்று தடவைக்கு மேல் பரீட்சை எடுத்துப் பல்கலைக்கழகம் கேட்க முடியாது என்பதால், ஓய்வுபெறும் வயது மட்டும் இருபத்தொன்று. ஒவ்வொரு தடவையையும் கொழும்பில் ‘ஷை’ என்று எண்ணுவார்கள்: முதலாம் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை. நான் முழுச் சேவைக்காலமும் இருந்தவள்.

வெள்ளவத்தையில் அம்மாவும் நானும் மட்டும். டொக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆசை என்னுடையது. அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தார், அவ்வளவுதான். சேதன இரசாயனப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலால் கடலைப் பார்த்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் அனுதாபத்தோடு வாசிக்கவும்.

வழிகாட்ட வந்தவர்

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டல் நாள் வைத்தார்கள். மருத்துவத் துறையைப் பற்றிப் பேச, பழைய மாணவியான ஒரு டொக்டர் வந்தார். யார் யார் டொக்டராகப் போகிறீர்கள் என்று கேட்டார். முழு மண்டபமும் கை தூக்கியது. பின்னால் ஒருத்தி நித்திரை கலைந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

சேவை, தியாகம், விடாமுயற்சி எல்லாம் பேசி முடித்து அவர் இறங்கும்போது கைப்பையிலிருந்து ஒரு கொப்பி என் காலடியில் விழுந்தது. திறந்து கிடக்கும் கொப்பியைப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கும் ஒழுக்கம் எனக்கில்லை. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி ஒன்றன்பால் என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஜேர்மன் இலக்கணம். சிறுமியை மேசைக்கும் கீழே வைத்த மொழியைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு, ஆனால் அடக்கிக்கொண்டு, வைத்தியம் படிக்க ஜேர்மன் அவசியமா என்று மட்டும் கேட்டேன். அவர் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தார். அதிபர் தூரத்தில் நிற்கிறாரா என்று ஒருதரம் பார்த்தார்.

“இப்ப அவசியந்தான் பிள்ளை. நீங்கள் படிச்சு முடிச்சு வரேக்க இஞ்ச இடம் நிறைய இருக்கும். நாங்கள் போயிடுவம்.”

குருவிப் பரிசோதனை

துறையை உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்று அம்மாவை நச்சரித்ததில், காலி வீதி என்ற பெருந்தெருவில், வைத்திய நிபுணர்கள் வந்துபோகும் ஒரு சனலிங் சென்டரில் இரண்டு கிழமை நிற்க அனுமதி கிடைத்தது. கொழும்பில் நாங்கள் நிபுணர்களிடம் போவதில்லை, அவர்களைச் சனல் பண்ணுகிறோம். ஆங்கிலம் பேசும் மற்ற ஊர்களில் இந்தச் சொல்லைப் பாவிப்பவர்கள் ஆவிகளை வரவழைப்பவர்கள். நாலு மணிக்கு வருவார் என்று நம்பர் கொடுத்த நிபுணர், ஆறு மணிக்குத் தோன்றி ஆளுக்கு மூன்று நிமிடம் காட்சி தந்து மறைவதைப் பார்த்த பிறகு, சொல் சரியாகத்தான் பொருந்துகிறது என்று பட்டது.

அங்கே இரத்தம் எடுக்கும் அறைக் கதவில் மும்மொழியிலும் பலகை இருந்தது. சிங்களம் சரி. ஆங்கிலம் சரி. தமிழில் ‘குருவிப் பரிசோதனை’. குருதியில் தி இறங்கி வி ஏறியிருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடும் வரவேற்பு மேசைச் சிங்கள அக்காவிடம், குருதி என்றால் இரத்தம், குருவி என்றால் இது என்று ஒரு துண்டில் படமும் கீறிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“போர்ட் போட்டு ஏழு வருசம் நங்கி. இன்னும் ஒரு ஆளும் குருவி கொண்டு வரல்ல.”

கேக் கொண்டுவந்த மச்சாள்

முதலாம் ஷையில் பௌதிகம் காலை வாரியது. இரண்டாம் ஷையில் மூன்று பாடமும் நன்றாகவே வந்தன. ஆனால் மருத்துவ பீடத்துக்கு எடுப்பது இசட் ஸ்கோர் என்ற தசம எண்ணைப் பார்த்து. அதற்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வெட்டுப்புள்ளி, வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் குறைவு. கொழும்பின் வெட்டுப்புள்ளிக்கு நான் ஒரு நூல் கீழே நின்றேன். வன்னியிலிருக்கும் மாமா மகள் மதுரா, என்னைவிடக் குறைந்த ஸ்கோரோடு எடுபட்டாள்.

கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடம் இரசாயனத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை. பழைய வினாத்தாள்களை வைத்துத் தானே படித்தவள். அது எனக்குத் தெரியும், நியாயம் அவள் பக்கம் என்பதும் தெரியும். நியாயம் அடுத்தவர் பக்கம் இருக்கும்போது அழுவதற்குக்கூட வசதிப்படாது. அதனால் அழாமல், மாவட்ட முறையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஒரு விளக்கம் தொடங்கினேன். இரண்டாம் கட்டத்துக்கு வருமுன் அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“உங்களுக்கு டியூசன் இருந்தது மச்சாள். எங்களுக்கு மாவட்டம் இருந்தது.”

தாதிக்கு ஆண்பால்

வைத்தியசாலையில் டொக்டரைத் தவிரவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அம்மா மெதுவாக ஞாபகப்படுத்தினார். மருந்தாளர், கதிர்ப்படம் எடுப்பவர், ஆய்வுகூடத்தில் இருப்பவர் என்று ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பட்டப்படிப்புகளுக்கும் இதே இசட் ஸ்கோர்தான். வாசல் வேறு, மதில் ஒன்று. எஞ்சியது தாதி வேலை, அதற்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் செல்வம் அண்ணன் இருந்தார். அம்மாவோடு வேலை செய்தவரின் தம்பி, அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் போனோம். டியூட்டி முடிந்து வந்து, உப்புத் தண்ணீர்ப் பேசினில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு பேசினார். ஒரு கட்டிலில் ஒருவர், அதே கட்டிலின் கீழே பாயில் இன்னொருவர், இரண்டு பேருக்கும் ஒரே சேலைன் கம்பி என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கோ வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. தாதி என்பது பெண்பாற் சொல். ‘ஆண் தாதி’ என்று எழுதுகிறார்கள். அது ‘ஆண் அக்கா’ என்பதைப் போல. அவருடைய தொழிலுக்குத் தமிழில் ஒழுங்கான சொல்லே இல்லை என்று என் கவலையைத் தெரிவித்து, இரண்டு மூன்று புதுச் சொற்களையும் முன்மொழிந்தேன். அம்மா என்னைக் கிள்ளினார். செல்வம் அண்ணன் ஒரு காலை வெளியே எடுத்துத் துடைத்தார்.

“சொல் இல்லாதது பெரிய விசயமில்ல தங்கச்சி. வார்டுல ஆளே இல்ல.”

மூன்று தரம் கேட்ட பகிடி

ஷை என்றால் வெட்கம் என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் நினைத்திருந்தேன். ஆங்கில அகராதியைப் புரட்டியதில் இன்னொரு பொருள் அகப்பட்டது: குறிபார்த்து எறிதல். ஆங்கிலேயர் தங்கள் சந்தைகளில் தேங்காயை உயரத்தில் வைத்துப் பந்தால் எறிந்து விழுத்தி விளையாடுவார்களாம். அவர்கள் விட்டுப்போன சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் மருத்துவ பீடத்தை நோக்கி எறிந்துகொண்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அன்றைய பௌதிகக் கணக்குகள் செய்யப்படவில்லை. நான் ஏன் எடுபடவில்லை என்று ஆராய விரும்புவோர் இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசிக்கலாம்.

உயிரியல் சேர், டியூசனில் சிறுநீரகம் படிப்பிக்கும்போது ஒரு பகிடி விடுவார்: மனுசனுக்குச் சிறுநீரகம் இரண்டு, ஒன்று உடம்புக்கு, மற்றது டியூசன் பீஸுக்கு. முதல் வருடம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் வருடம் மரியாதைக்குச் சிரித்தேன். மூன்றாம் வருடம், மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வாங்கில், என் இனத்தவர் ஆறு பேரோடு இருந்தேன். சேர் சிறுநீரகத்தைப் பலகையில் கீறியதுமே, எங்கள் ஏழு வாயும் சத்தமில்லாமல் பகிடியைச் சொல்லத் தொடங்கிவிட்டன. சேர் கண்டுவிட்டார். கோபிக்கவில்லை. பகிடியைச் சொல்லி முடித்து, முன் வாங்குகள் சிரித்து ஓயும்வரை நின்று, பிறகு எங்கள் பக்கம் பார்த்தார்.

“மூண்டாம் ஷை ஆக்கள் சிரிக்கத் தேவையில்ல.”

பெறுபேறு

மூன்றாம் பெறுபேறு ஒரு மத்தியானம் கைத்தொலைபேசியில் வந்தது. வெட்டுப்புள்ளி பிறகுதான் அறிவிப்பார்கள். ஆனால் போன வருடத்தோடு ஒப்பிட்டாலே போதும், நம்பிக்கைக்கு இடம் வைக்காத எண். இரண்டாம் ஷையைவிடவும் குறைவு.

சுவரைப் பார்த்துப் படுத்தேன். சாப்பிடவில்லை. கதைக்கவில்லை. இரண்டாம் நாளும் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. சாப்பிடாததைவிட அம்மாவைப் பயப்படுத்தியது அதுதான் என்று பிறகு சொன்னார். நாங்கள் இருப்பது நாலாம் மாடி. அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவந்து பல்கனிக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் இருந்து வெண்டிக்காய் வெட்டினார். வெட்டி முடிந்த பிறகும் எழும்பவில்லை. பத்திரிகை வாசித்தார், உடுப்பு மடித்தார், எல்லாம் அதே கதிரையில். சமையலறையில் மேசை இருக்க ஏன் அங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் உறவினர்களுக்கு அம்மாவிடம் மறுமொழி தயாராக இருந்தது: மீள்திருத்தத்துக்குப் போட்டிருக்கிறோம், கொழும்பில் போட்டி கூட, பார்ப்போம். இந்தத் தடவை கனடாவிலிருந்து பெரியமாமா எடுத்தார். அவருக்குக் காது மந்தம், அதனால் கேள்வி அறை முழுக்கக் கேட்டது. பிள்ளைக்கு மெடிசின் கிடைத்ததா? அம்மா நான் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், குரல் கிட்டவாகக் கேட்டது.

“இல்லையண்ணை, கிடைக்கேல்ல. பிள்ளை இருக்கிறாள்.”

மருத்துவத் துறையை மூன்று வருடம் வெளியே நின்று ஆராய்ந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: கொழும்பு மாவட்டத்தாரை வெட்டுப்புள்ளி கேட்காமல் உள்ளே எடுக்கும் பதவி அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது நோயாளி.