மடியில் வைத்த கைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணனைத் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் முன்கோபக்காரர் என்பதும் உங்களுக்குத் தெரியும். குழம்பில் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுவார். அதே மனிதர் உயிர் போகிற நேரத்தில் மட்டும் பதற மாட்டார். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில். நைனா வலைக்குப் போவார். அம்மா ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான் பார்க்க வேண்டும். நண்டு கவ்வினால் கையை உதறக் கூடாது. அசையாமல் வைத்திருந்தால் தானே விட்டுவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். அண்ணன் அதைப் போர் விமானத்துக்குள் கொண்டுபோனார்.

படகில் பழவேற்காட்டுக்கும் பஸ்ஸில் பொன்னேரிக்கும் போய்ப் படித்தார். மழை நாளில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்ததும் உண்டு. விமானப் படையில் தேர்வானபோது, "அவ்ளோ ஒசரத்துல இன்னா இருக்குதுனு போற?" என்று அம்மா அழுதார்.

விமானி இருக்கையில் உட்கார்ந்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வாராம். ஒவ்வொரு விசையையும் கைப்பிடியையும் தொட்டு, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வார். பிறகு கண் திறந்து, இடமிருந்து வலமாக அளவுமானிகளின் முள் ஒவ்வொன்றையும் படிப்பார். நடுவில் யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டு ஸ்கூட்டருக்கும் இதே சடங்குதான். "படமே போட்ருவாங்க, கெளம்புங்க" என்று அண்ணி புலம்பாத நாள் இல்லை.

அந்தச் சடங்கின் அருமையை அண்ணனின் இறுதிச் சடங்கன்றுதான் அறிந்தோம். அண்ணனிடம் பயிற்சி பெற்ற தென்காசிக்காரர் ஒருவர் வந்திருந்தார். இரண்டு எஞ்சின் விமானத்தில் அண்ணன் முன்னால், இவர் பின்னால். மேலே போனதும் தீ எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது.

"உள்ளே புகை வந்துட்டுது. கீழே பூரா வீடுங்க. எஞ்சினை அணைக்க அவசரமாக் கைய நீட்டிட்டேன். 'கைய மடியில வை'ன்னார். எப்பவும் இங்கிலீஷ்தான் பேசுவார், அன்னைக்குத் தமிழ்."

பதற்றத்தில் நன்றாக ஓடும் எஞ்சினை அணைத்துவிட்டு விழுந்தவர்கள் உண்டாம். அண்ணன் தம் கைகளையும் மடியில் வைத்து, ஒரு மூச்சு விட்டிருக்கிறார். பிறகு முள்ளைப் படித்தார்: "வலது, சூடு சரி. இடது ஏறுது." அதற்குள் புகை கருவிப் பலகையை மறைத்துவிட்டது. விசையை விரலால் தடவி, "இது இடது" என்று சொல்லிவிட்டு அணைத்தார்.

"விளக்கு உடனே அணையலம்மா. அந்த நேரம் இன்னும் எனக்குக் கனவுல வருது. அப்புறம் அணைஞ்சுது. ஒத்த எஞ்சின்ல இறக்கினார். தரையில கால் வச்சதும், ஏண்டா கைய நீட்டினன்னு செம திட்டு."

அண்ணன் இதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணிக்கும் அன்றுதான் தெரியும். போன மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ஓய்வுக்குப் பின் நுரையீரலில் நோய் கண்டது. மருத்துவமனையில் கட்டிலருகே இருந்த திரையையும் அண்ணன் காலை தவறாமல் படித்தார்: "நாடி, பிராணவாயு, ரத்த அழுத்தம்." ஒருநாள் அதன் மணி அடித்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

"இன்னாத்துக்குக் கூவற? மொதல்ல வெரலப் பாரு. கிளிப்பு கயண்டுகினு கீது."

கழன்றுதான் கிடந்தது. மாட்டியதும் எண் ஏறியது. அதன்பின் மணி அடித்தால் நான் ஓடுவதில்லை. விரலைப் பார்ப்பேன், கிளிப்பைச் சரிசெய்வேன்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு காலை, அண்ணி முகம் கழுவப் போயிருந்தார். மணி அடித்தது. நான் விரலைப் பார்த்தேன். கிளிப்பு சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் இங்கதான் கீறேண்ணா" என்றேன்.

கடைசிவரை முயன்ற மருத்துவர்களுக்கும், அவரைப் படகில் ஊர் சேர்த்த பசியாவரத்து மக்களுக்கும், தென்காசியிலிருந்து ஓடிவந்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கடைசிக் காலையில் பணியிலிருந்த செவிலியர் மணியை மட்டும் நிறுத்திவிட்டு, நான் அண்ணனின் கையை விடும்வரை கிளிப்பைக் கழற்றாமல் அருகில் நின்றார். அந்தத் தங்கைக்கு என் நன்றி.