விக்கிரவாண்டிப் பாலத்தருகே அண்ணன் நிறுத்திய கார்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி உறவினர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக நம்பிவரும் ஒரு செய்தி தவறானது. அதைத் திருத்துவது தங்கையாகிய என் கடமை.

அண்ணன் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினாறு. அம்மாவையும் என்னையும் காப்பாற்ற விழுப்புரத்தில் கார் பட்டறையில் சேர்ந்தார். பின்னர் திண்டிவனத்து மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டிக்காரர் ஒருவரின் பழைய அமெரிக்கக் காருக்கு டிரைவரும் மெக்கானிக்குமானார்.

ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் என் திருமணம். பெண் அழைப்புக்கு மண்டிக்காரர் காரைக் கொடுத்தார். முதல் நாள் அண்ணன் அதற்குப் புது பிரேக் ஷூ மாட்டினார். இடது முன்சக்கரத்தை முடித்து வலதைக் கழற்றியபோது, மாப்பிள்ளை வீட்டார் வந்திருப்பதாக அழைப்பு வந்தது. எழுந்து போனார். மீதியை முடித்தவர் உடன் வேலை செய்த மாணிக்கம்.

ஞாயிறு பிற்பகல் புறப்பட்டோம். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் மண்டபத்தில் நுழைய வேண்டும். முன்சீட்டில் அண்ணனும் மாணிக்கமும், பின்னால் அம்மாவும் நானும். ஊர் எல்லை தாண்டி அண்ணன் பிரேக்கை மிதித்தபோது கார் இலேசாக இடப்பக்கம் இழுத்தது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னாடா, வண்டி ஒரு பக்கமா போவுது?" என்றார் அம்மா.

"ரோடு சரிவும்மா."

அங்கே சரிவே இல்லை.

விக்கிரவாண்டி ஆற்றுப் பாலத்தை நெருங்குகையில் முன்னால் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று. அண்ணன் மிதித்தார். கார் பாலத்துக் கைப்பிடிச் சுவரை நோக்கித் திரும்பியது. ஸ்டியரிங்கை மார்போடு அணைத்து வளைத்தார். சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. என் பக்க ஜன்னலில் கீழே ஆற்று மணல் தெரிந்தது.

"எறங்குங்க."

"ராகுகாலம் வந்துடும்டா. மெதுவா ஓட்டிக்கினு போயிடலாமே" என்று அம்மா கெஞ்சினார்.

"வரட்டும்மா. இந்த வண்டில உங்கள ஏத்திக்கினு இனி ஒரு அடி போவ மாட்டேன்."

அந்தக் காரில் சக்கரத்துக்கு இரண்டு ஷூ; டிரம்மின் உட்புறத்தில் உரசிச் சக்கரத்தை நிறுத்துபவை. லைனிங் எனும் உராய்வுப் பட்டை குட்டையாக உள்ளது முன்பக்கமும், நீளமானது பின்பக்கமும் இருக்க வேண்டும். வலது டிரம்மைக் கழற்றினால் இரண்டும் இடம் மாறியிருந்தன; வலது சக்கரம் சரியாகப் பிடிக்காததால்தான் கார் இடப்பக்கம் இழுத்திருக்கிறது.

"பெரிசு முன்னால இருந்தா நல்லா புடிக்கும்னு நெனச்சேண்ணே" என்று மாணிக்கம் அழுதார்.

அண்ணன் திட்டவில்லை. சூடேறிய ஸ்பிரிங்குகளை இடுக்கியால் இழுத்துக் கழற்றி, ஷூக்களை இடம் மாற்றினார். டிரம்மை மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லைனிங் மெல்ல உரசும்வரை முடுக்கினார். பட்டு வேட்டியெல்லாம் கரி. காலிக் காரை ஓட்டி மூன்று முறை பிரேக் போட்டுப் பார்த்தபின்தான் எங்களை ஏற்றினார்.

மண்டபம் சேர்ந்தபோது மணி ஐந்து. ராகுகாலம் முடியும்வரை நான் தெருவில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார்.

"பொண்ணு வர்ற வழியிலயே சக்கரத்த கழட்டினீங்களா? இது நல்லதுக்கில்ல. யாரு பிரேக் மாட்டினது?"

மாணிக்கம் வாயைத் திறந்தார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"நான்தாங்க."

அம்மாவும் நானும் பேசாமல் இருந்துவிட்டோம். மறுவாரமே மண்டிக்காரர் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திக் கார் சாவியை வாங்கிக்கொண்டார். என் தலைப்பிள்ளை பிறந்த எட்டாம் மாதத்தில் தவறியபோது, அண்ணனால் வந்த அபசகுனம்தான் காரணம் என்று அதே பேச்சு மறுபடி எழுந்தது. துக்கத்துக்கு வந்த அண்ணன் வாசலைத் தாண்டி வரவில்லை. "உண்மையச் சொல்லிடலாமேண்ணா" என்றேன்.

"பாதில எழுந்து போனது நான்தானே. அவன் பேர ஏன் இழுக்கணும்?"

பிறகு விழுப்புரத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அந்தப் பேச்சால் முதல் ஆண்டில் வண்டிகள் வரவில்லை. அண்ணியாரின் உழைப்பில் வீடு நடந்தது. நாற்பத்து மூன்று வயதில் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது.

கடைசி நாட்களில் வீடு தேடி வந்த மருத்துவருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டாருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுதலாமா என்று மாணிக்கத்திடம் கேட்டேன்.

"அண்ணன் இருக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. இப்பவாச்சும் எம் பேரப் போட்டு எழுதும்மா" என்றார்.