மரியஜோசப் பிறந்த கிழமை

என் தம்பி மரியஜோசப்பைக் கூடைப்பந்தில் ஆளாக்கியது தாமே என்று பாக்கியசாமி மாமா இன்றைக்கும் கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துச் செத்தவர். அம்மா அமலி தையல் மிஷினை மிதித்துத்தான் எங்களை வளர்த்தாள். மூத்தவள் நான், ரோஸ். ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஏறியது பந்து ஒன்றுதான். மிஷன் பள்ளி மைதானத்தில் லோஞ்சி என்கிற பர்மா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவான். அப்படியொன்றும் உயரமில்லை. ஆனால் அவன் கையில் பந்து இருந்தால் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் ஏமாந்துதான் நிற்பார்கள்.

அறுபதாம் வருஷம் ஊ லா தின் என்ற தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி ஒரு கூடைப்பந்து அணி கட்டினார். அணியில் எடுத்தால் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்த நேரம் அது. ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். தம்பி ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் அவள் அந்த மிஷினை மூட முடியும். பாக்கியசாமி மாமா அந்தத் தொழிற்சாலையில் தலைமைக் குமாஸ்தா. தம்பிக்கு ஞானத்தகப்பன் வேறு. அதனால் அவரே தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் தம்முடைய செல்வாக்கைப் பற்றியே பேசினாராம்.

அன்றைக்கு மைதானத்தில் தம்பி மற்றவர்களை மூச்சிரைக்க வைத்தான். முதலாளிக்கு அவனைப் பிடித்துவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டார், நீ என்ன கிழமை பிறந்தவன் என்று. பர்மாக்காரர்களுக்குப் பேர் மாதிரிதான் பிறந்த கிழமையும். சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும். நம் ஆட்களில் எவனுக்கு அது தெரியும்? தம்பி திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் நின்ற மாமாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை, நான்தான் கையில் ஏந்தினேன் என்று பர்மிய மொழியில் கணீரென்று அடித்துவிட்டார். முதலாளியோ வியாழக்கிழமை பிறந்தவர். சனிக்கும் வியாழனுக்கும் ஆகவே ஆகாது என்பது அவர்கள் சாஸ்திரம். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

தம்பி வந்து சொன்னதும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவன் பிறந்தது திங்கட்கிழமை. சனிக்கிழமை நடந்தது ஞானஸ்நானம். அன்றைக்குப் போட்ட விருந்து மட்டும் மாமாவுக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் உடனே பஸ் பிடித்துத் தின்கன்ஜூனில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லுங்கள், தம்பிக்கு வேலை கிடைத்துவிடும் என்று கெஞ்சினேன். ஆமாம், இந்த மனிதரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார்.

"ஏம்மா ரோஸ், முதலாளி முன்னால சொன்ன சொல்லை நானே மாத்தினா என் மரியாதை என்னத்துக்கு ஆகும்? ஒரு கிழமைதானே, விடு."

தூ! ஒரு குடும்பத்தின் சோறு போகிறது, இவருக்கு மரியாதை. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். தம்பி கோபப்படவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவனையும் நாலு வார்த்தை திட்டினேன்.

கடைசியில் அவனைத் தம் அணிக்கு எடுத்தது ஓர் அரிசி ஆலைக்காரர், சீனர். கிழமையும் கேட்கவில்லை, கோத்திரமும் கேட்கவில்லை. ஓடச் சொன்னார், ஓடினான். ஆலையில் பேருக்கு மூட்டை எண்ணும் வேலை, சம்பளம் பந்துக்குத்தான். முதல் வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் அவன் இல்லாமல் அணி இறங்கவில்லை. அம்மா மிஷினை மூடித் துணி போர்த்தினாள். அதற்கடுத்த வருஷம் நகரப் பந்தயத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தது தீப்பெட்டி அணி. பத்துப் பொருத்தமும் பார்த்துப் பொறுக்கிய மாப்பிள்ளைகள் அல்லவா! என் தம்பிக்குப் பின்னாலேயே ஓடி ஓடி அலுத்துப்போனார்கள். வேலியில் தொங்கிக்கொண்டு பர்மியர்கள் அவன் பேரைச் சுருக்கி, அண்ணன் என்பதற்கு ஒரு 'கோ'வும் சேர்த்து, "கோ ஜோ! கோ ஜோ!" என்று கத்தினார்கள். பத்திரிகையில் அவன் படம் வந்தது.

அந்த வாரமே பாக்கியசாமி மாமா கையில் கேக் பெட்டியோடு எங்கள் வீட்டுப் படியேறினார். அப்பா செத்த பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. விஷயம் இதுதான். தோற்றுப்போன ஊ லா தின் புதிதாக ஒரு ஜோசியரைப் பிடித்திருக்கிறார். அணியில் சனிக்கிழமைக்காரன் ஒருவன் இருந்தால்தான் இனி வெற்றி என்று அந்த ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்தானே உன் சனிக்கிழமைப் பையன், அவனைக் கூட்டிவா என்று மாமாவுக்கு உத்தரவு. ஆலையில் வாங்குவதைவிடப் பெரிய சம்பளம், மேஸ்திரி வேலை, குடியிருக்க வீடு. கேட்டால் சனி என்று மட்டும் சொன்னால் போதும்.

வீடு என்றதும் அம்மா தம்பியைப் பார்த்தாள். மழைக்காலத்தில் எங்கள் கூரையின் கீழ் பாத்திரம் வைக்காத இடம் கிடையாது. இந்தச் சாது தலையாட்டிவிடுவான் என்றே நினைத்தேன்.

"நான் திங்கட்கிழமை பிறந்தவன், மாமா" என்றான் தம்பி.

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. பையனைக் கையோடு கூட்டிவருவதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டாராம். இப்போது போய் அன்றைக்குச் சொன்னது தப்பு என்றால் நாற்காலியே போய்விடுமாம். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் சுகமாகச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"முதலாளிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்வேன், தம்பி?"

தம்பி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "உள்ளதைச் சொல்லுங்க மாமா. ஒரு கிழமைதானே."

மாமா எழுந்தார். கொண்டுவந்த கேக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார்.