நர்சம்மா வீட்டுக் கடல்குதிரைகள்

எண்பதுகளில், உத்திரமேரூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பிரசவ நர்சம்மா நல்ல உயரம். மாமல்லபுரத்துக் கடல்நீரைக் கேன்களில் பஸ்ஸேற்றிக் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் இரண்டு கடல்குதிரைகளை வளர்த்தார். தினமும் தண்ணீரை விரலால் தொட்டு நக்கி உப்புப் பார்ப்பார்.

ஒரு காலையில் கரண்ட் போய், தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிட்டது.

"தம்பி, சைக்கிள் பம்ப் கீதா? எடுத்துக்கினு ஓடியா! காத்து இல்லன்னா செத்துடும்!"

ஓடிப்போய்ப் பம்பைக் குழாயில் செருகி அடித்தேன். வயிறு பெருத்திருந்த குதிரை திடீரென்று முன்னால் வளைந்தது. பொடிப்பொடியாகக் குட்டிகள் பீறிட்டு வந்தன.

"இன்னாக்கா, இது பொட்டையா?"

"ஆம்பளைடா! இதுல சொமந்து பெக்கறது ஆம்பளதான்! நிறுத்தாம அடி!"

கரண்ட் வந்ததும் அவர் வாசலுக்கு ஓடி, தெருவிலிருந்த ஆண்களையெல்லாம் கூவி அழைத்து வந்து காட்டினார்.  எத்தனையோ பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர், "நல்லா பாத்துக்குங்க, பெத்தது ஆம்பள!" என்று ஒவ்வொருவரையும் தொட்டியருகே குனியவைத்தார்.