அடுப்படியில் ஒரு கண்ட்ரோல் டவர்

தொண்ணூறுகளின் நடுவில் மர்பி டவுனில் குடியிருந்தோம். என் கணவர் விமானப் படையில் மெக்கானிக். படைவீரர்களுக்கான கேன்டீனில் ரம் வாங்கி வரும் நாளில் அவருடைய நண்பர்களும் வந்துவிடுவார்கள். கிளாஸைத் தூக்கியதும் அவர், விமானி கேட்பதுபோல, "டவர், டேக் ஆஃப் பர்மிஷன்?" என்று கத்துவார். அடுப்படியிலிருந்து நான், "கிளியர்!" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குடிப்பார்கள். அந்த வேடிக்கையில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அதே கேள்வி வந்தது. எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் "கிளியர்!" என்றேன். சிறிது நேரம் கழித்து, வாசலில் கணவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்படியானால் உள்ளே கேட்டது யார்? ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினாறு வயது மகன் சுரேஷ் சோபாவுக்குக் கீழே வாந்தியில் நினைவில்லாமல் கிடந்தான். பாட்டிலில் பாதி காலி. அவனுக்கு அப்பாவின் குரல் அப்படியே வந்துவிட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "நீதானம்மா கிளியர் குடுத்தே" என்றான்.

"ஜோக் அடிக்கிறான் பாரு, இனிமே பயமில்லே" என்று கணவர் சிரித்தார். அவரை அறையலாம் போலிருந்தது.

அன்றோடு எங்கள் வீட்டுக்கு ரம் வருவது நின்றது. சுரேஷ் நிறுத்தவில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. யார் கூப்பிட்டாலும், முகத்தைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. அவனோ இப்போதெல்லாம் யாரிடமும் பர்மிஷன் கேட்பதில்லை.