வெங்கடேஸ்வரி டீச்சரும் மங்குகிற மீட்டரும்

ராஜபாளையத்தில் ஒரு பெண் கார் ஓட்டப் பழக வேண்டுமென்றால், வீட்டில் எழுகிற முதல் பேச்சு காரைப் பற்றியதாக இருக்காது. பக்கத்தில் உட்காரப் போவது யார் என்பதைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் பேச்சு பெரும்பாலும் வெங்கடேஸ்வரியின் பெயரில் வந்து முடியும்.

வெங்கடேஸ்வரிக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன்பு நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த மில் வேன், சேத்தூர் பக்கம் நடுவழியில் நின்றுவிட்டது. வேனுக்கு ஒன்றுமில்லை. டிரைவருக்குத்தான் வயிற்றுவலி. அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு வேன் நிறையப் பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள். சாவி வண்டியில் இருந்தது, டீசல் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஒருத்தி இல்லை. மில்லிலிருந்து வேறு ஆள் வந்து சேரும்வரை வெங்கடேஸ்வரி அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் சுந்தரபாண்டியன் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் மில் வேனை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. சுந்தரபாண்டியனுக்குத்தான் வேறு யோசனை வந்தது. பொம்பளை டீச்சர் இருந்தால் பொம்பளைகள் வருவார்கள் என்றார். வந்தார்கள். வெங்கடேஸ்வரி மில் வேலையை விட்டுவிட்டாள். அவள் கணவர் கண்ணுச்சாமி பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்ப்பவர். மனைவி ஓட்டுகிற காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் தூக்கம் என்பார்.

ஸ்கூல் கார் வெள்ளைக் கார், பழசு. டீச்சர் உட்காருகிற இடது பக்கத்திலும் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் டீச்சர் மிதித்துக்கொள்ளலாம். சுந்தரபாண்டியன் வகுப்பெடுக்கிற இன்னொரு காரில் ஒடுங்காத இடம் கிடையாது. வெங்கடேஸ்வரியின் காரில் ஒரு கீறல் கிடையாது. இதை அவர் ஆபீசுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வாள்.

ஒரு கார்த்திகை மாசத்தில் அந்தக் காரின் மீட்டர் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

விடியுமுன்னே வருகிற பெண்களுக்காக ஹெட்லைட் போட்டுத்தான் வகுப்பு நடக்கும். அப்போதுதான் தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பளிச்சென்று இருக்கிற மீட்டர், திடீரென்று சீக்காளி மாதிரிச் சோரும். ரெண்டு தடவை சிமிட்டும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எரியும். பஸ் எதிரே வந்தால் மங்கும், வளைவில் மங்கும், மாடு குறுக்கே வந்தால் கட்டாயம் மங்கும். பழகுகிற பெண்கள் பயந்தார்கள். மம்சாபுரத்திலிருந்து வந்த ஒருத்தி, வண்டிக்குக் கண்ணேறு என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து முன்னால் கட்டினாள். மூன்றாம் நாள் பழம் வாடியது. மீட்டர் அப்படியே இருந்தது.

காரை நஸ்ருதீன் பட்டறைக்குக் கொண்டு போனாள். வண்டி வயரிங் வேலைக்கு அந்தப் பக்கம் அவர்தான். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி எடுத்துப் புதுசாக முறுக்கினார். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு வோல்ட் மீட்டர் வைத்து அளந்தார், சார்ஜ் சரியாக ஏறியது. பிரேக் லைட் எரிகிறபோது கரண்ட் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஷட்டரை இறக்கி உள்ளே இருட்டாக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிமிதியென்று மிதித்தார். மீட்டர் அசையவில்லை. தனியாகச் சத்திரப்பட்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

"ஒண்ணுமில்லக்கா. வண்டி நல்லாருக்கு."

மறுநாள் விடியலில் மங்கியது. திரும்பவும் கொண்டு போனாள். பேட்டரியையே மாற்றினார். திரும்பவும் மங்கியது. மூன்றாந்தடவை அவர் காரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். விஷயம் சுந்தரபாண்டியன் காதுக்குப் போயிற்று. அவர் நயமான மனிதர். வெங்கடேஸ்வரி, எதற்கும் ஒரு எட்டுப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வாயேன் என்றார். போனாள். கண்ணில் கோளாறில்லை, எழுத்து வாசிக்க மட்டும் கண்ணாடி வேண்டும் என்றார்கள். அவளும் ஒன்று வாங்கிக்கொண்டாள். அதைப் போட்டுப் பார்த்தபோது மீட்டர் மங்குவது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஆரிபா டெஸ்டில் தோற்றாள்.

ஆரிபா வளையல், ஹேர்பேண்ட் விற்கிற கடை வைத்திருப்பவள். கணவர் அபுதாஹிர் வெளிநாட்டில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது ஒரு கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அது உறை போட்டு நின்றது. மதுரைக்குப் போய்ச் சரக்கெடுக்க அவள் இன்னும் பஸ்ஸில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரியிடம் வந்தவர்களில் இவள் நன்றாக ஓட்டுகிறவள் என்றுதான் பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீஸில் டெஸ்ட். இன்ஸ்பெக்டர் டீச்சர் சீட்டில் ஏறிக்கொண்டார். வெங்கடேஸ்வரி வெளியே நின்றாள். ஆரிபா நேராக எடுத்தாள், கியர் மாற்றினாள், எல்லாம் ஒழுங்கு. அன்றைக்கென்று ஒரு நாய் குறுக்கே வந்தது. கார் அதே வேகத்தில் நாயை நோக்கிப் போயிற்று. கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் மிதித்தார். நாய் நிதானமாகத் தாண்டிப் போனது.

ஏம்மா நிறுத்தவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார்.

"தானா நிக்கும்னு நெனச்சேன் சார்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, பழகிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் ஆரிபா, எப்பயும் நிக்குமேக்கா, எப்பயும் நிக்குமே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதற்றத்தில் உளறுகிறாள் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

நஸ்ருதீனுக்கு இது மானப் பிரச்சனையாகிவிட்டது. அடுத்த நாள் விடியலில், யாரும் கூப்பிடாமலே, டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினார். மங்குகிறபோது நானும் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஓட்டியது ஆரிபா. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போனார்கள். எதிரே லாரி வந்தபோது மங்கியது. நஸ்ருதீன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷந்தான்.

வன்னியம்பட்டி விலக்கில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆரிபாவை ஆரன் அடிக்கச் சொன்னார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மீட்டர் குத்துவிளக்கு மாதிரி நின்று எரிந்தது. அப்போது ஒரு டிராக்டர் கரும்பை ஏற்றிக்கொண்டு காரை உரசுகிற மாதிரிக் கடந்து போயிற்று. மீட்டர் மங்கியது.

கார் நின்றுகொண்டிருந்தது. ஆரிபாவின் கை மடியில் இருந்தது. நஸ்ருதீன் டார்ச்சை மெல்ல இடது பக்கம் திருப்பி, வெங்கடேஸ்வரியின் காலில் அடித்தார். கால் பிரேக்கில் இருந்தது.

"எடுங்கக்கா."

எடுத்தாள். வெளிச்சம் வந்தது.

"மிதிங்க."

மங்கியது.

ஆரிபாதான் முதலில் கேட்டாள்.

"அப்ப, இம்புட்டு நாளும் நீங்கதான் பிரேக் போட்டீகளா?"

"எப்பயாச்சும்," என்றாள் வெங்கடேஸ்வரி.

எப்பயாச்சும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அத்தனை நாளும் மீட்டர் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

நஸ்ருதீன் காலடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு விவரம் சொன்னார். டீச்சர் பக்கத்துப் பிரேக்கிலிருந்து டிரைவர் பக்கத்துப் பிரேக்குக்கு ஒரு கேபிள் போகிறது. டீச்சர் மிதித்தால் அது விறைக்கும், டிரைவர் மிதித்தால் தொளதொளவென்று தொங்கும். விறைக்கிற கேபிள், மீட்டருக்கு எர்த் போகிற வயரை நெட்டித் தள்ளுகிறது. அந்த எர்த் வயரைப் பிடித்திருக்கிற போல்ட் தளர்ந்திருக்கிறது. தனியாக ஓட்டுகிறவருக்கு இது ஆயுசுக்கும் தெரியாது. பிரேக்குக்கு ஒரு பழுதும் இல்லை.

திரும்புகிற வழியில் வெங்கடேஸ்வரி காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது அங்கே இருக்க மாட்டேன் என்றது.

அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொருத்தியிடமும், நல்லா நிறுத்துதீங்க, பயமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் நம்பியிருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டு வண்டியைத் தொடாமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். வீட்டு ஆம்பளைகள் விடவில்லை என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள், இரண்டொருவரிடம் கோபப்பட்டும் இருக்கிறாள். மம்சாபுரத்தில் சத்துணவு வேலை பார்க்கிற அழகுத்தாய்க்குப் போன் போட்டாள். வண்டியை ஓட்டுகிறாயா என்று கேட்டாள்.

"எங்க டீச்சர். இவர்கூடத் திட்டுதாரு, கார வச்சுக்கிட்டு பஸ்ல போறியேன்னு. நீங்க பக்கத்துல இருந்தா நல்லா ஓட்டுவேன். தனியா ஏறுனா காலு எங்க போகுதுன்னே தெரியல."

சாப்பிட்டீங்களா டீச்சர் என்று அழகுத்தாய் கேட்டாள். ஆச்சு என்று சொல்லிப் போனை வைத்தாள். கண்ணுச்சாமி சாயங்காலம் வந்தபோது நடந்ததைச் சொன்னாள். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, மில் வேன் பக்கத்தில் அன்றைக்கு நீ நின்றது மாதிரி இதுகளும் சாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன போல என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசாமலேயே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். ஒரு போல்ட்தான், நிமிஷத்தில் முறுக்கிவிடலாம் என்று நஸ்ருதீன் ஸ்பேனரை எடுத்தார்.

"இருக்கட்டும் பாய். இப்பம் வேண்டாம்."

"கோளாற வச்சுக்கிடுதீகளா?"

"கொஞ்ச நாளைக்கு."

அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு டீ சொன்னார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை தனக்கு வந்ததில்லை என்றார்.

அன்றிலிருந்து வகுப்பு வேறு மாதிரி நடந்தது. ஆரிபா ஓட்டுவாள். மீட்டர் மங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டாள், திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். வெங்கடேஸ்வரி காலை எடுத்துக்கொள்வாள். முதல் சில நாள் மீட்டர் மங்கியே கிடந்தது. வெங்கடேஸ்வரிக்குத் தொடை வலித்தது, மிதிப்பதைவிட மிதிக்காமல் இருப்பதில்தான் கால் அதிகம் வேலை செய்தது. ஆரிபா முதன்முதலாகத் தானே பிரேக் போட்டபோது கார் குதிரை மாதிரி முட்டி நின்றது. இருவரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள். இது நான் போட்டது என்று ஆரிபா அறிவித்தாள்.

மம்சாபுரத்தில் ஒரு சந்தில் திரும்பும்போது கல்தூண் ஒன்று நெருங்கி வந்தது. மிதித்திருக்கலாம். வெங்கடேஸ்வரி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆரிபா நிறுத்தினாள், ஒரு நொடி தாமதமாக. இடது கதவில் ஒரு கோடு விழுந்தது. சுந்தரபாண்டியன் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கதவைச் சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"நான்தான் அண்ணாச்சி," என்றாள். "மிதிக்காம இருந்துட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆபீசுக்கு வருகிறவர்களிடம் கீறல் கதையைச் சொல்வதை விட்டுவிட்டார்.

அழகுத்தாய் முதலிய பழைய ஆட்களுக்கும் வெங்கடேஸ்வரி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னாள். காரணம் கேட்டவர்களிடம் பாடத்தில் ஒரு பகுதி விட்டுப்போச்சு என்றாள். சிலர் வந்தார்கள். வராதவர்களும் உண்டு. ஒருத்தி காரையே விற்றுவிட்டிருந்தாள். அவளிடம் வெங்கடேஸ்வரி நெடுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆரிபாவின் இரண்டாவது டெஸ்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது அதே இன்ஸ்பெக்டர்தான். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தாள். பின்னால் வரச் சொன்னார், வந்தாள். நாய் எதுவும் வரவில்லை, அதில் ஆரிபாவுக்குக் கொஞ்சம் வருத்தம். கடைசியில் அவர் நிறுத்தச் சொல்லாமல் சும்மா கையை மட்டும் உயர்த்தினார். கார் அலுங்காமல் நின்றது. பாஸ் என்று எழுதிவிட்டு இறங்கி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெங்கடேஸ்வரி வேப்பமரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் என்றாள்.

காருக்குத் தகுதிச் சான்று, எஃப்சி, எடுக்கிற மாசம் வந்ததும் நஸ்ருதீன் போல்ட்டை முறுக்கி, கேபிளை வயரிலிருந்து விலக்கிக் கட்டினார். இப்போது மீட்டர் யாருக்கும் மங்குவதில்லை.

அபுதாஹிர் லீவில் வந்தார். அவர் ஓட்டிப் பழகியதெல்லாம் வெளிநாட்டு ரோட்டில், கியர் தானே மாறுகிற காரில், ரோட்டின் வலது ஓரமாக. இங்கே வாசலிலிருந்து காரை வெளியே எடுத்தவர், தெருமுனையிலேயே அதை ஆரிபாவிடம் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனார். அதன்பிறகு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். ஆம்பளைகளுக்கு நான்தான் கற்றுக்கொடுப்பது என்று சுந்தரபாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இல்லண்ணே," என்றார் அபுதாஹிர். "எங்க வீட்டுல சொல்லிவிட்டுருக்கு. எனக்கும் அவியதான் வேணும்."

சுந்தரபாண்டியன் வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். அவள் காலையில் ஒரு வகுப்பு காலியாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் விடியலில் அபுதாஹிர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். வெங்கடேஸ்வரி இடது பக்கம் ஏறினாள். ஆரிபா, டீச்சரின் கால் தெரிகிற மாதிரி, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கடையை அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று முதல் நாளே முடிவு பண்ணியிருந்தாள்.